ரயிலை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

மொத்தமே ஐம்பது நொடி ஓடுகிற படம் அது. ஒரு பிளாட்பாரம். சாமான் தள்ளுவண்டியோடு ஒரு போர்ட்டர் கடந்து போகிறார். வலது ஓரமாக நிறையப் பேர் வரிசையாக நின்று காத்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அது பெருத்துப் பெருத்து இன்ஜினாகி, திரையின் இடது ஓரத்தை உரசிக்கொண்டு வெளியேறுகிறது. பெட்டிகள் நிற்கின்றன, கதவுகள் திறக்கின்றன, ஆட்கள் இறங்குகிறார்கள். அவ்வளவுதான்.

பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள லா சியோத்தா ஸ்டேஷனில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த இந்தத் துண்டுப் படம், 1896 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. ரயில் தங்கள்மேல் ஏறிவிடும் என்று பயந்து ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துப் பதிவுகளில் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அந்தக் கதையைவிட, படத்தில் உண்மையாகவே நடப்பதுதான் பெரிய வியப்பு. கேமரா ஓரங்குலம் கூட நகரவில்லை. ஆனாலும் தொலைவுக் காட்சி, நடுத்தரக் காட்சி, நெருக்கக் காட்சி எல்லாம் ஒரே ஷாட்டில் கிடைத்துவிடுகின்றன. கேமரா செய்ய வேண்டிய வேலையை ரயில் செய்து கொடுத்துவிட்டது.

சினிமாவும் ரயிலும் அன்று தொடங்கிய உறவு இன்னும் முறியவில்லை. இந்தக் கட்டுரை, 'ரயில் படம்' என்று எதைச் சொல்லலாம், அதை எப்படிப் பார்ப்பது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக.

ஒரு சின்னச் சோதனை

ரயில் வருகிற படமெல்லாம் ரயில் படம் ஆகிவிடாது. நாயகன் ஊருக்குப் போகிறான் என்று காட்ட ஓர் இன்ஜின், ஒரு விசில், ஒரு கையசைப்பு போதும். அங்கே ரயிலுக்குப் பதில் பஸ்ஸை வைத்தாலும் கதை கெடாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளிமையானது. படத்திலிருந்து ரயிலை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது வெறும் வாகனம். கதை சரிந்தால் அது ரயில் படம். அல்லது குறைந்தபட்சம் அந்தக் காட்சியாவது ரயிலுடையது.

'மூன்றாம் பிறை' (1982) படத்தின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மலை ரயில்பாதையில் கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டவன் கொட்டும் மழையில் அடிபட்ட காலோடு ஓடி வந்து, இருவரும் விளையாடிய குரங்காட்டத்தை ஜன்னலுக்கு வெளியே ஆடிக் காட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம். ரயில் புறப்பட்டுவிடுகிறது. இங்கே பஸ்ஸை வைத்துப் பாருங்கள். கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தலாம், டிரைவரிடம் கெஞ்சலாம், ஏறிக்கொண்டு அவள் பக்கத்திலேயே போய் நிற்கலாம். ரயிலிடம் கெஞ்ச முடியாது. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் வந்தால் போய்விடும். யாரையும் வில்லனாக்காமல் இருவரைப் பிரிக்க வேண்டிய இயக்குநருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஆக, ரயில் படத்தைப் புரிந்துகொள்ள ரயிலின் குணங்களைப் புரிந்துகொண்டால் போதும். அது தண்டவாளத்தை விட்டு விலகாது. நேரத்துக்குக் கட்டுப்பட்டது. நினைத்த இடத்தில் இறங்கவிடாது. நினைத்த நேரத்தில் நிற்கவும் நிற்காது. மற்ற வாகனங்களுக்கு இவை குறைகள். கதை சொல்கிறவனுக்கு இவைதான் முதலீடு.

தண்டவாளம் எழுதிய திரைக்கதை

விலகாத பாதை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம் எடுக்க முடியுமா? பஸ்டர் கீட்டன் எடுத்தார். 'தி ஜெனரல்' (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரலில், வடக்குப் படையினர் ஜார்ஜியாவில் ஓர் இன்ஜினைக் கடத்திக்கொண்டு போனார்கள். தெற்கைச் சேர்ந்தவர்கள் அதைத் துரத்திப் பிடித்தார்கள். அந்த உண்மைச் சம்பவம்தான் கரு. கீட்டன் இன்ஜின் டிரைவர். தன் இன்ஜினையும் தன் காதலியையும் ஒரே அளவில் நேசிக்கிறவர். இன்ஜின் களவு போகிறது. முதலில் ஓடுகிறார், பிறகு கையால் இயக்கும் டிராலி, பிறகு சைக்கிள், கடைசியில் இன்னொரு இன்ஜினில் ஏறித் துரத்துகிறார். படத்தின் முதல் பாதி ஒரு திசையில் துரத்தல். மறு பாதி அதே பாதையில் எதிர்த்திசையில். இப்போது துரத்தியவர் துரத்தப்படுகிறார். முதல் பாதியில் எதிரிகள் செய்த தொல்லைகளை இரண்டாம் பாதியில் இவர் அவர்களுக்குத் திருப்பித் தருகிறார். போகவும் வரவும் ஒரே பாதைதான் என்பதையே திரைக்கதையின் அமைப்பாக மாற்றிவிட்டார்.

அதில் ஒரு பீரங்கிக் காட்சி உண்டு. இன்ஜினுக்குப் பின்னால் இணைத்திருக்கும் திறந்த வண்டியில் ஒரு குட்டிப் பீரங்கி. முன்னால் ஓடும் எதிரியைச் சுடுவதற்காகக் குழாயை மேல்நோக்கி வைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு கீட்டன் திரும்புகிறார். வண்டியின் குலுக்கலில் பீரங்கியின் வாய் மெல்ல மெல்லத் தாழ்ந்து நேராக இவர் முதுகைக் குறிவைத்து நிற்கிறது. இவர் பார்த்துவிடுகிறார். ஓட இடமில்லை, விலக வழியில்லை. முன்னால் இன்ஜின், பின்னால் பீரங்கி, நடுவில் இவர், மூவரும் ஒரே கோட்டில். அந்தக் கணத்தில் பாதை வளைகிறது. இன்ஜின் வளைவில் திரும்பிவிட, குண்டு நேராகப் பறந்து எதிரி ரயிலுக்குப் பக்கத்தில் வெடிக்கிறது. அவரைக் கொல்லப் போனதும் தண்டவாளம், காப்பாற்றியதும் தண்டவாளம். நான் எத்தனையோ முறை பார்த்த பிறகும் அந்த வளைவு வரும் நொடியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

எரிந்துகொண்டிருக்கும் பாலத்தின் மேல் எதிரி இன்ஜின் ஏற, பாலம் முறிந்து இன்ஜின் ஆற்றில் விழும் காட்சியும் இதில்தான். பொம்மை வைத்து எடுக்கவில்லை. ஒரெகான் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் ஊருக்கு அருகில், உண்மையான பாலம், உண்மையான இன்ஜின். மறுபடி எடுக்க வழியே இல்லாத ஷாட். 42,000 டாலர் செலவு என்று சொல்வார்கள். மௌனப் படக் காலத்தின் மிகச் செலவான ஒற்றை ஷாட் என்று பெயர் பெற்றது. விழுந்த இன்ஜின் பல ஆண்டுகள் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்பாக எடுத்துச் செல்லப்பட்டது. இவ்வளவு செய்தும் படம் வெளிவந்தபோது வசூலிலும் தோற்றது, விமர்சகர்களிடமும் அடி வாங்கியது. காலம் தாழ்ந்துதான் அதை உலகின் சிறந்த படங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள்.

நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும்

சினிமா வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டதிலும் ரயிலுக்குப் பங்கு உண்டு. தொடக்க காலத்தில் இன்ஜினின் முகப்பில் கேமராவைப் பொருத்தி, பாதை விரிந்துகொண்டே வருவதை மட்டும் படமாக்கித் திரையிட்டார்கள். அதற்கே கூட்டம் கூடியது. 1899-இல் இங்கிலாந்தில் ஜி. ஏ. ஸ்மித் ஒரு வேலை செய்தார். பெட்டிக்குள் ஒரு தம்பதி முத்தமிட்டுக்கொள்ளும் சின்னக் காட்சியை எடுத்து, ரயில் குகைக்குள் நுழையும் படத்துக்கும் வெளியே வரும் படத்துக்கும் இடையில் செருகினார். வெளியே, உள்ளே, மறுபடி வெளியே. மூன்று தனித்தனித் துண்டுகளைப் பார்த்து நாம் ஒரே சம்பவம் என்று நம்புகிறோம். எடிட்டிங் என்ற கலையின் ஆரம்ப அடிகளில் இது ஒன்று.

அடுத்த பெரிய அடியை டி. டபிள்யூ. கிரிஃபித் வைத்தார். 'தி லோன்டேல் ஆப்பரேட்டர்' (1911) என்ற குறும்படம். தந்தைக்கு உடம்பு சரியில்லாததால் தந்தி அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண் தனியாக இருக்கிறாள். சம்பளப் பணம் வந்து சேர்கிறது; அதைக் கொள்ளையடிக்க இருவர் வருகிறார்கள். அவள் தந்தி அடித்து உதவி கேட்கிறாள். ரயில் கிளம்புகிறது. இனி கதவை உடைக்கும் திருடர்கள், உள்ளே அவள், பாய்ந்து வரும் இன்ஜின் என்று படம் மாறி மாறித் தாவுகிறது. ரயில் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தாலே நம் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது: இன்னும் எவ்வளவு தூரம், வந்து சேருமா? இன்று எந்தச் சண்டைப் படத்திலும் காணும் உத்திதான் இது. அவள் இருட்டில் பளபளக்கும் ஏதோ ஒன்றை நீட்டித் திருடர்களை நிறுத்தி வைக்கிறாள். துப்பாக்கி என்று நினைத்து அவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். உதவி வந்த பிறகு கேமரா நெருங்கிக் காட்டுகிறது: அது வெறும் ஸ்பானர்.

நேரத்தைப் பரபரப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. டேவிட் லீன் இயக்கிய 'பிரீஃப் என்கவுண்டர்' (1945) ஒரு காதல் கதை. வேறு வேறு குடும்பங்களைக் கொண்ட ஒருவனும் ஒருத்தியும் ஒரு ஸ்டேஷனில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். பிறகு வியாழக்கிழமைகளில் சந்திப்பு. அவர்களுடைய ரயில்கள் எதிரெதிர்த் திசையில் போகிறவை. ஒவ்வொரு சந்திப்பும் எந்த நிமிடத்தில் முடியும் என்பதை முன்கூட்டியே அச்சிட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கால அட்டவணைதான் அது. போர் இன்னும் முடியாத 1945-இன் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடக்கே கார்ன்ஃபோர்த் ஸ்டேஷனில் இரவு நேரங்களில் எடுத்தார்கள்.

அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில், அவன் போன பிறகு, எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று ஸ்டேஷனைக் கடக்கிறது. அவள் எழுந்து பிளாட்பாரத்தின் விளிம்புக்கு ஓடுகிறாள். லீன் ரயிலைக் காட்டவில்லை. அவள் முகத்தை மட்டும் காட்டுகிறார். கடக்கிற பெட்டிகளின் ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் பளிச் பளிச்சென்று அடித்துப் போகிறது, முடி காற்றில் பறக்கிறது. வெளிச்சம் நிற்கிறது. அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். ரயிலைக் காட்டாமல் ரயிலைக் காட்டும் இந்த உத்தியைத் தெரிந்துகொண்டால், பிறகு பல படங்களில் உங்கள் கண்ணில் படும்.

பெட்டிக்குள்

ஓடும் ரயில் பெட்டி ஒரு விசித்திரமான அறை. முன்பின் தெரியாதவர்கள் முழங்கால் உரச உட்கார்ந்திருப்பார்கள், வெளியே போக முடியாது, ஆனால் வெளியே உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். துப்பறியும் கதைகளுக்கு இது வரப்பிரசாதம். குற்றவாளி இறங்கிப் போயிருக்க முடியாது, இங்கேதான் இருக்கிறான்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி லேடி வேனிஷஸ்' (1938) படத்தில் ரயிலில் வரும் ஒரு வயதான பெண்மணி திடீரென்று காணாமல் போகிறார். அப்படி ஒருவர் ஏறவே இல்லை என்று எல்லாரும் சாதிக்கிறார்கள். அவரோடு தேநீர் அருந்திய இளம்பெண் மட்டும் நம்ப மறுக்கிறாள். தேநீர் வேளையில் ரயிலின் இரைச்சலில் தன் பெயர் அவளுக்குக் கேட்காததால், அந்தப் பெண்மணி ஜன்னல் கண்ணாடியில் விரலால் 'ஃப்ராய்' என்று எழுதிக் காட்டியிருந்தார். பிறகு உணவுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த எழுத்து இவள் கண்ணில் படுகிறது. மற்றவர்களுக்குக் காட்டுவதற்குள் ரயில் குகைக்குள் நுழைந்துவிட, எழுத்து அழிந்துபோகிறது. சாட்சியை எழுத வைத்ததும் ரயில், அழித்ததும் ரயில். சோதனையில் முழு மதிப்பெண்.

இவ்வளவு ரயிலும் ஓடியது ஸ்டுடியோவுக்குள்தான். தொண்ணூறு அடி நீளச் செட், ஒரே ஒரு பெட்டி. மற்றதெல்லாம் சின்ன மாதிரி வடிவங்களும், ஜன்னலுக்கு வெளியே திரையில் ஓட்டிய முன்பே எடுத்த காட்சிகளும் என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ரயில் காட்சிகளில் இது வழக்கம். பெட்டியின் ஒரு சுவரைக் கழற்றிவிட்டுக் கேமராவை வைப்பார்கள். வெளியிலிருந்து விளக்கை நகர்த்தினால் கம்பங்களின் நிழல் முகங்களில் ஓடும். பெட்டியை லேசாக ஆட்டினால் போதும், நம் உடம்பு மற்றதை நிரப்பிக்கொள்ளும். அடுத்த முறை பார்க்கும்போது கண்ணாடிக்கு வெளியே ஓடுவதை மட்டும் சிறிது நேரம் கவனியுங்கள்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் அகிரா குரோசாவா இருக்கிறார். 'ஹை அண்ட் லோ' (1963) ஒரு கடத்தல் கதை. ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் ஒரு பணக்காரரின் வீட்டுக் கூடத்தை விட்டுப் படம் வெளியே வருவதே அரிது. பிறகு சட்டென்று ஓடும் எக்ஸ்பிரஸுக்குள் நாம் தள்ளப்படுகிறோம். பணப் பைகளோடு அவரை ரயிலில் ஏறச் சொன்ன கடத்தல்காரன் ரயிலுக்கே தொலைபேசியில் அழைக்கிறான்: ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கழிவறை ஜன்னல் வழியே பையை எறி. அந்த ஜன்னல் 7 சென்டிமீட்டர்தான் திறக்கும். பையின் தடிமனை அதற்கேற்றபடி அவன் ஏன் முன்பே கேட்டான் என்பது அப்போதுதான் புரிகிறது. ரயில் முழுக்கப் போலீஸ் இருந்தும் ஒருவராலும் இறங்க முடியாது. அவர்களால் முடிந்தது, கடந்து போகிற அந்தச் சில நொடிகளில் கேமராவால் படமெடுப்பது மட்டும். இதை உண்மையான ரயிலில், ஒரே ஓட்டத்தில், பல கேமராக்களை வைத்து எடுத்தார் குரோசாவா. தவறினால் மறு ஓட்டம் கிடையாது. நடிகர்களின் முகத்தில் தெரியும் பதற்றத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு உண்மை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

பெட்டிகளின் வரிசையையே சமூகமாக்கிய படம் போங் ஜூன்-ஹோவின் 'ஸ்னோபியர்சர்' (2013). கடைசிப் பெட்டியில் ஏழைகள், முன்பெட்டிகளில் செல்வந்தர்கள். கலகம் என்றால் முன்னோக்கி நடப்பது. இவ்வளவு நேரடியான உருவகத்தை வேறு எங்கே வைத்தாலும் பிரசங்கமாகிவிடும். ரயிலில் அது கண்ணுக்கு முன்னால் நடக்கிற வழியாகிவிடுகிறது.

நிற்காத ரயில்

ஓடிப்போன ரயில் படங்கள் தனி வகை. அவற்றை ரசிக்கக் கொஞ்சம் இயற்பியல் உதவும். எஃகுச் சக்கரம், எஃகுத் தண்டவாளம். இரண்டுக்கும் இடையில் உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் இன்ஜினால் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் சட்டென்று நிற்கவும் முடியாது. வேகமாக வரும் பாரமான சரக்கு ரயில் பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

ஜப்பானில் 1975-இல் வந்த 'புல்லட் ட்ரெயின்' இதையும் தலைகீழாக்கியது: வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் குண்டு வெடிக்கும். அதாவது நிற்பதே ஆபத்து. டோனி ஸ்காட்டின் 'அன்ஸ்டாப்பபிள்' (2010) உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோவில், பாதை மாற்றும் பாயின்ட்டைத் திருப்ப இன்ஜினை விட்டு இறங்கினார் டிரைவர். பிரேக் என்று நினைத்து வைத்த அமைப்பு உண்மையில் வேகத்தைக் கூட்டிவிட்டது. 47 பெட்டிகளோடு ஆளில்லாத ரயில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இன்னொரு இன்ஜின் பின்னாலிருந்து வந்து கொக்கி மாட்டி அதன் வேகத்தைக் குறைக்க, ஓர் ஊழியர் பக்கவாட்டில் ஓடி ஏறி நிறுத்தினார். படம் சம்பவத்தை ஊதிப் பெருக்கியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் அந்த வழி கற்பனையல்ல.

வெளியே நிற்பவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ரயிலில் இருப்பவர்களின், அல்லது அதற்காகக் காத்திருப்பவர்களின் கதை. ரயிலில் ஏறவே ஏறாதவர்களின் கண்ணால் அதைக் காட்டிய காட்சி என்றால் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) முதலில் வந்து நிற்கும். அக்கா துர்கா, தம்பி அப்பு. வெண்ணிறப் பூப் பூத்து ஆளுயரம் நிற்கும் காசப் புல்வெளி. கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கிறார்கள். கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது தூரத்துச் சத்தம். பூக்களுக்கு மேலே கரும்புகை. இருவரும் ஓடுகிறார்கள். துர்கா தடுக்கி விழுந்துவிடுகிறாள். அப்பு மட்டும் தண்டவாளம் வரை போய்விடுகிறான். கேமரா சட்டென்று தண்டவாளத்தின் மறுபக்கம் போய்விடுகிறது. இப்போது ரயில் நமக்கும் அவனுக்கும் நடுவில். உருளும் சக்கரங்களின் இடைவெளியில் அந்தச் சிறுவனைப் பார்க்கிறோம்.

ராய் தன் முதல் படத்துக்காக முதலில் எடுக்கத் தொடங்கியதே இந்தப் புல்வெளிக் காட்சியைத்தான். ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு மறுபடி பூக்கும்வரை காத்திருந்து மீதியை எடுத்தார்.

இந்தக் காட்சி ரயில் சோதனையில் தேறுமா? முதல் பார்வையில் தேறாது. ரயில் வருகிறது, போகிறது, கதையில் எதுவும் மாறவில்லை. ஆனால் பின்னால் துர்கா காய்ச்சலில் படுத்திருக்கும்போது தம்பியிடம், உடம்பு சரியானதும் மறுபடி போய் ரயில் பார்ப்போம் என்கிறாள். அவள் பிழைப்பதில்லை. அப்போதுதான் அவள் தடுக்கி விழுந்த அந்த ஒரு நொடியின் கனம் நமக்கு எட்டுகிறது.

காதால் பார்ப்பது

கடைசியாக ஒலி. நாம் எல்லாரும் ரயில் என்றதும் 'தடக் தடக்' என்கிறோம். அது தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் விட்டிருக்கும் சிறு இடைவெளியில் சக்கரம் மோதும் சத்தம். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால்தான் அந்தச் சத்தமும் ஜோடியாகக் கேட்கிறது. இன்று பல பாதைகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக ஒன்றாக்கிவிட்டார்கள். அங்கே அந்தத் தாளம் போய்விட்டது. சினிமாவில் மட்டும் போகவில்லை. வழவழவென்று ஓடும் நவீன ரயிலைக் காட்டும்போதும் பின்னணியில் பழைய தாளத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லத் தோன்றவில்லை. நம் காது அந்தத் தாளத்தைக் கேட்டால்தான் ரயில் என்று நம்புகிறது.

ழான் ரென்வார் 'லா பேத் யூமேன்' (1938) படத்தில் இரைச்சலையே நடிப்பாக்கினார். தொடக்கத்தில் பாரிஸிலிருந்து லே ஹாவ்ருக்கு ஓடும் இன்ஜினில் டிரைவரும் நிலக்கரி அள்ளிப் போடுபவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. கையசைவிலும் பார்வையிலும் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறார்கள். டிரைவராக நடித்த ழான் காபான் இன்ஜின் ஓட்டவே கற்றுக்கொண்டார். இருவரும் எத்தனை ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பதை அந்தச் சில நிமிடங்களே சொல்லிவிடுகின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'தி ஜெனரல்' என்பேன். மௌனப் படம் என்று தயங்க வேண்டாம். ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் ஓடும், குழந்தைகளோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அதன் முற்பகுதியில், காதலி கோபித்துக்கொண்டு போன பிறகு கீட்டன் தன் இன்ஜினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் சோகமாக உட்காருகிறார். யாரோ இன்ஜினைக் கிளப்புகிறார்கள். தண்டு மெல்ல மேலெழும்புகிறது, அவரும் எழும்புகிறார்; தண்டு இறங்குகிறது, அவரும் இறங்குகிறார். சக்கரம் ஒரு முறை வழுக்கிச் சுழன்றிருந்தாலும் அவர் உயிர் போயிருக்கும். முகத்தில் சலனமே இல்லை. துக்கத்தில் மூழ்கியவர் எதையும் உணரவில்லை. இன்ஜின் கொட்டகைக்குள் நுழைகிற கடைசி நொடியில்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.